நாரைக்கு நீளக் கயிறு

நவம்பர் 9, ஞாயிறு

மீன் வாங்க ஆற்றங்கரைக்குப் போனேன். மீன் வாங்க மட்டும்தான். போன வழியில் மீன்காரச் சீனர் ஆ கியோங்கின் படகுத்துறை கண்ணில் பட்டுவிட்டது. கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போக முடியும்?

நாரை கட்டிக் கிடந்தது. எங்கள் பாய்மரப் படகு. எங்கள் என்று எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன். காலையில் என்னை விட்டுப்போன வீட்டுக்காரர் தயாளன் அந்த மாலினியை அழைத்து வந்து, கழிமுகம் வரை பாய் விரித்து வேடிக்கை காட்டிவிட்டு, ஆறு நிறைந்திருந்த நேரத்தில் திரும்பி, நாலு கயிற்றையும் சிக்கென்று இழுத்துக் கட்டிவிட்டுக் காடியில் ஏறிப் போய்விட்டாராம். ஆ கியோங் சொன்னார்.

கோலசிலாங்கூர் ஆறு சும்மா கிடக்கும் ஆறு இல்லை. கடல் ஏறினால் ஏறும், வற்றினால் வற்றும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. காலையில் துறைப் பலகையைத் தொடுகிற தண்ணீர் மத்தியானம் இரண்டு ஆள் உயரம் கீழே கிடக்கும். துறை மரக்கால்களில் நிற்கிறது, அது இறங்காது. படகு இறங்கியாக வேண்டும். குட்டைக் கயிற்றில் கட்டினால் எப்படி இறங்கும்? கயிற்றிலேயே தொங்கும். பாரம் தாங்காமல், கயிறு மாட்டுகிற கட்டுக்கொம்பு படகின் தளத்தோடு பிய்ந்து வரும், இல்லை என்றால் படகு குடை சாயும். பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

கேப்டன் தயாளன் துரைக்குப் புரியாது. அவர் பாய் விடக் கற்றுக்கொண்டது கிள்ளானில் ஒரு பெரிய கிளப்பில். அங்கே மிதக்கும் மேடை. தண்ணீரோடு மேடையும் ஏறும், மேடையும் இறங்கும். படகை மேடையோடு ஒட்டவைத்துக் கட்டலாம், அழகாக இருக்கும். அந்தக் கட்டைத்தான் பத்தொன்பது வருடமாக இங்கே, நிற்கிற துறையில், கட்டிக்கொண்டிருக்கிறார்.

கயிறுகள் விறைக்கத் தொடங்கியிருந்தன. அவிழ்த்து நீட்டிக் கட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மீன் வாங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

நவம்பர் 10, திங்கள்

தயாளன் போன் செய்தார். ஆடி மாதம் வீட்டை விட்டுப் போன மனிதர், குரலில் ஒரு கூச்சம் வேண்டாமா? "ஞானா, நேத்து நான் கட்டின கட்டைப் பாத்தியா? ஆ கியோங்கிட்ட கேட்டேன், படகு அசையாம நிக்குதாம்" என்றார். என் கை இன்னும் கயிறு அறுத்த எரிச்சலில் இருக்கிறது, இவர் அசையாமல் நிற்கிறது என்கிறார்.

பிறகு வந்தது விஷயம். "நீ பக்கத்துலதான இருக்க. போறப்ப வர்றப்ப கயித்த ஒரு பார்வை பாத்துக்கோ லா. அவுக்காத. சும்மா பாரு, போதும்."

எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு தோன்றியதை எல்லாம் சொல்லியிருந்தால் அந்த போனே கருகியிருக்கும். பெண்டாட்டி வேண்டாமாம், பெண்டாட்டியின் கண் மட்டும் வேண்டுமாம். பெயர் தயாளன். யார் வைத்தார்களோ.

நவம்பர் 11, செவ்வாய்

மீன் வாங்கப் போனேன். வவ்வால் மீன் வரவில்லை, கெம்போங் வாங்கினேன். கயிறு சரியாக இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

ஈப்போவிலிருந்து செல்வமணி அக்கா பேசினாள். இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துவைக்கிறேன் என்று அவளாகவே ஏற்றுக்கொண்ட வேலை. அவரிடம் பேசிவிட்டாளாம். வீடு எனக்கு, படகு அவருக்கு. நியாயமாகத்தானே இருக்கிறது என்றாள். டிசம்பர் ஆறாம் தேதி வந்து படகைக் கிள்ளானுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாராம், அந்த மிதக்கும் மேடைக்கே.

படகு எனக்கு எதற்கு என்றேன். அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்டவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அவரும் அதைத்தான்டி சொன்னாரு. ஞானாவுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும், சோறு பொங்கிக் கொடுக்கத்தானே கூட வருவான்னு."

சோறு பொங்க!

அங்சா தீவுப் பக்கம் அந்தப் புயல்காற்று அடித்த அன்று, வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது யார்? மூன்று மணி நேரம் சுக்கானைப் பிடித்துப் படகைக் கழிமுகத்துக்குள் கொண்டுவந்தது யார்? ஊருக்குள் வந்ததும், "இன்னைக்கு நல்லா ஓட்டினேன்ல?" என்று ஆ கியோங்கிடம் கேட்டார். நான் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அந்தக் கேரியரைத் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

கயிறு விஷயத்தையும் படகு வாங்கிய புதிதில் ஒரு தடவை சொல்லித்தான் பார்த்தேன். "குட்டையா இருக்குங்க, வத்தினா தொங்கும்." அவருடைய நண்பர்கள் முன்னால் சொல்லிவிட்டேனாம். ஒரு வாரம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஆ கியோங்கின் குளியலறையில் உப்புப் போகக் குளிக்கிற நேரம் எனக்குப் போதும். நாலு கயிற்றையும் நீட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி காடியில் போய் உட்கார்ந்திருப்பேன். அடுத்த தடவை கிளம்பும்போது கயிறு அவிழ்க்கிற வேலை என்னுடையது, அவர் கண்ணில் படாது.

இதை எதற்கு எழுதுகிறேன்? படகு எனக்கு வேண்டாம்.

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. கெம்போங்.

நவம்பர் 21, வெள்ளி

தண்ணீர் பலகைக்கு ஒரு சாண் கீழே வரை ஏறியது. கயிற்றை நீளமாக விட்டால் வேறொரு தொல்லை. நிறைந்த நேரத்தில் தொய்ந்து போய்ப் படகு துறையை விட்டு விலகி ஆடுகிறது, ஆ கியோங்கின் மீன்படகில் போய் இடிக்கிறது. இழுத்துக் கட்டினால் தொங்கும், விட்டுக் கட்டினால் மேயும்.

வீட்டுக்கு வந்து அம்மிக்குழவியை எடுத்துக்கொண்டு போனேன். கிள்ளானில் நானே தேர்ந்தெடுத்து வாங்கிய குழவி, மிக்ஸி வந்த பிறகு கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. முன்கயிற்றைத் துறையின் கடைசித் தூண் வரை நீளமாக இழுத்துக் கட்டி, நடுவில் குழவியைத் தொங்கவிட்டேன். தண்ணீர் ஏறிக் கயிறு தொய்ந்தால் குழவி கீழே இழுத்துப் பிடிக்கிறது. வற்றினால் கயிறு நிமிர்ந்து வழி விடுகிறது. ஆ கியோங் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். தன் படகுக்கும் ஒன்று வேண்டும், கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மனசு லேசாக இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது. யார் படகுக்கு யார் குழவி?

நவம்பர் 26, புதன்

ஐஸ்பெட்டியில் இடமில்லை. பக்கத்து வீட்டு அசிசாவுக்கு மூன்றாவது தடவையாக மீன் கொடுத்தேன். உங்களுக்கு மீன் பிடிக்காதா, பிறகு ஏன் தினமும் வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். மலிவாகக் கிடைக்கிறது என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்

மாலினி போன் செய்தாள். எடுத்ததுமே "அக்கா" என்றாள். அக்காவாம். உடன்பிறந்தவள் வீட்டில்தானே புகுந்தாய் என்று நாக்கு நுனி வரை வந்தது.

சனிக்கிழமை விடியற்காலை வருகிறார்களாம், படகின் அறைச் சாவியைத் துறைக்குக் கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று அவர் கேட்கச் சொன்னாராம். கேட்கக்கூட ஆள் வைத்திருக்கிறார். சரி என்றேன். அவள் வைக்கவில்லை. "கடல்ல போறது பயமா இருக்குமாக்கா? எனக்கு நீச்சல் வராது" என்றாள்.

அவரைக் கேள், அவர்தானே கேப்டன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகு அந்தக் குரல் காதிலேயே நின்றது. நிற்கட்டும். எனக்கும்தான் நீச்சல் வராது, என்னை யார் கேட்டார்கள்?

டிசம்பர் 3, புதன்

திருக்கார்த்திகை. வாசலிலும் சன்னலிலும் அகல் வைத்தேன். ஒரு அகல் மிஞ்சியது. அதை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

தண்ணீர் துறைப் பலகை மேல் ஏறிவிட்டது. பௌர்ணமி நேற்றே வந்துவிட்டதே, இனி குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெரிய தண்ணீர் பௌர்ணமிக்கு இரண்டாம் நாள்தான் வரும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு வற்றும். அதாவது நாளைக்கு.

ஆ கியோங் நாளைக்குக் கயிறு விஷயத்தை அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். படகு அவருடையது, ஆறு அவருக்குத் தெரிந்த ஆறு, கட்டட்டும்.

இனிமேல் நான் ஏன் பார்க்க வேண்டும்? சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். சத்தியமாக வந்துவிடுவேன்.

டிசம்பர் 6, சனி

குளித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான் போனபோது விடிந்திருந்தது. அவர் புதுத் தொப்பி போட்டிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று பல் டாக்டர் கேட்பது மாதிரி கேட்டார். மாலினி சிவப்பு மிதவைச் சட்டை போட்டு நின்றாள். நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

படகுக்குள் இறங்கியவள் கையில் அகல்விளக்கோடு நிமிர்ந்தாள். இது யார் வைத்தது என்று கேட்டாள். அவர் பார்க்கவே இல்லை, ஆ கியோங்காக இருக்கும் என்றார். சீனர் கார்த்திகை விளக்கு வைப்பாரா! அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

பிறகு என் கயிறுகளைப் பார்த்தார். "யாரு இப்படிக் கட்டினது? துணி காயப்போடுற கொடி மாதிரி!" அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நாலையும் அவிழ்த்துச் சுருட்டித் துறையில் எறிந்தார். முன்கயிற்றில் குழவி வந்தது. "கல்லக் கட்டித் தொங்க விட்டிருக்கான் பாரு, மடப்பய" என்று சொல்லி அதைத் தூக்கி ஆற்றில் போட்டார். தொபுக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

என் குழவி. சத்தியத்தை எல்லாம் அந்தக் குழவியோடு ஆற்றில் போட்டுவிட்டு, எதிரே இருக்கிற கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்தேன். பார்த்துவிட்டுத்தான் போவது என்று.

கழிமுகம் வரை ஒரு சுற்றுப் போய்த் திரும்பினார்கள். மாலையில் நீர் ஏறும்போது கிள்ளானுக்குப் புறப்படுவது, அதுவரை கட்டி வைப்பது என்று ஏற்பாடு. ஆறு கரை தளும்ப நின்றது. அவர் படகிலிருந்த வேறு கயிறுகளை எடுத்துக் கட்டினார். முன்கயிறு, பின்கயிறு, குறுக்கே இரண்டு. ஒவ்வொன்றையும் காலை ஊன்றி இழுத்து, முழக் கயிறுகூட மிச்சமில்லாமல். கட்டி முடித்துத் தூரமாக நின்று அழகு பார்த்தார். என் மேசைப் பக்கம் திரும்பி, "பாத்தியா? அசையாது" என்றார். மிதக்கும் மேடையில் கட்டியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன். இரண்டு பேரும் நண்டு சாப்பிடப் போனார்கள்.

தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

முதலில் கயிறுகள் விறைத்தன. அப்போது அவிழ்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்த வேலை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆ கியோங் மீன் வெட்டுகிற மேசையிலிருந்து என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். இரண்டாவது கோப்பி சொன்னேன். சோறு பொங்க வந்தவளுக்கு இங்கே என்ன வேலை?

துறைப் பக்கம் கயிற்றில் மாட்டிக்கொண்டு மேலேயே நிற்க, மறுபக்கம் தண்ணீரோடு இறங்க, நாரை வெளிப்புறமாகச் சாய்ந்தது. உள்ளே ஏதோ உருண்டு உடைந்தது. நீல டீ கோப்பையாக இருக்கும், அது நான் வாங்கியது. கயிறுகள் கிறீச்சிட்டன. கோப்பியைத் தள்ளி வைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மாலினிதான் முதலில் வந்தாள். படகைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நேராக என்னிடம் வந்து, "அக்கா, இது இப்படித்தான் நிக்குமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப என்ன ஆகும்?" பிய்ந்து விழும் என்றேன். அவள் அவரைக் கூப்பிட ஓடினாள்.

வந்தார். ஓடி வந்து முன்கயிற்றின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். படகின் பாரம் முழுதும் அந்த முடிச்சில் நிற்கிறது, அது வருமா? நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். பின்கயிற்றுக்கு ஓடினார். அதுவும் கல் மாதிரி. கயிறு மட்டம், துறை கோணல், யாரோ என் கட்டை மாற்றிவிட்டார்கள் என்று கத்தினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முன் கட்டுக்கொம்பு பட்டென்று ஒரு சத்தம் போட்டது. தளம் விரிசல் விட்டது.

கோபம் அவர் மேல். நாரை என்ன பாவம் செய்தது? அங்சா தீவில் என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததே அதுதான்.

ஆ கியோங்கின் மேசையிலிருந்து மீன் கத்தியை எடுத்தேன். முதலில் அவர் சுருட்டி எறிந்த என் நீளக் கயிறுகளை முன்னாலும் பின்னாலும் தளர்வாகப் போட்டேன். அறுத்ததும் படகு ஆற்றோடு போய்விடக் கூடாது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன், அறுந்த கயிறு முகத்தில் அடித்தால் கண் போய்விடும். "நீயும் தள்ளு" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக நீ என்று சொன்னேன். தள்ளினார்.

குறுக்குக் கயிறு இரண்டையும் அறுத்தேன். அடுத்து பின்கயிறு, கத்தியை எடுக்காமலே ஓடி முன்கயிறு. நாரை ஒரு குதி குதித்துத் தண்ணீரில் விழுந்து, ஆடி, நிமிர்ந்தது. நீளக் கயிறுகள் பிடித்துக்கொண்டன. சேற்றில் மெதுவாக உட்கார்ந்தது. யாரோ கை தட்டினார்கள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் ஓயுமா? கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பத்தொன்பது வருஷமா நான்தான் கட்டுறேன். ஒரு நாளாச்சும் இப்படி ஆயிருக்கா? கேட்டுப் பாருங்க."

நடிக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மேலும் பத்திக்கொண்டு வந்தது.

ஆ கியோங் சிரித்துவிட்டார். மலாயில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. தவுக்கே (முதலாளியாம் இவர்) குளிக்கப் போவார், அம்மா வந்து கயிற்றை நீட்டுவார். ஒவ்வொரு தடவையும். இந்தத் துறையில் பூனைக்குக்கூடத் தெரியும்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேன்" என்றேன். "ஒரு வாரம் நீங்க பேசல."

மாலினி மிதவைச் சட்டையைக் கழற்றி மடித்துத் துறையில் வைத்தாள். நான் இந்தப் படகில் வரவில்லை என்றாள். அவர் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். "யாரு கயிறு பாத்தாங்களோ அவங்களோட போங்க" என்று சொல்லிவிட்டுக் காடிக்கு நடந்தாள். போகும்போது அகல்விளக்கை என் கையில் கொடுத்தாள். நல்லவேளை, ஏதாவது சொல்லியிருந்தால் அவளையும் திட்டியிருப்பேன்.

கிள்ளானுக்கு யாரும் போகவில்லை. அறைச் சாவியைப் பலகை மேல் வைத்துவிட்டு அவரும் போய்விட்டார். தண்ணீர் முழுதாக வற்றிய பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி என் குழவியைத் தோண்டி எடுத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இப்போதைக்குப் படகு அங்கயே இருக்கட்டும். நீ கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்.

பழைய ஞானாவாக இருந்தால் சரி என்றிருப்பேன், இல்லை என்றால் போனை வைத்துவிட்டு டயரியில் கத்தியிருப்பேன்.

"பாத்துக்க மாட்டேன்" என்றேன். "எனக்கு வேணும். நாரை எனக்கு வேணும்."

நான் சொன்னது என் காதுக்கே புதிதாக இருந்தது. வீடும் உனக்கு, படகும் உனக்கா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பதிலைக் கூர் தீட்டிக்கூட வைத்திருந்தேன்: வேண்டுமானால் அடுத்த பௌர்ணமிக்கு வந்து நீங்களே கட்டுங்கள், நான் கோப்பி குடித்துக்கொண்டு பார்க்கிறேன். அதைச் சொல்ல வேண்டி வரவில்லை.

சரி என்றார். அக்காவிடம் அவரையே சொல்லச் சொன்னேன். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

வைத்த பிறகு அழுதேன். கோபம் போகவில்லை. அது பாட்டுக்கு அது, அழுகை பாட்டுக்கு அழுகை.

டிசம்பர் 9, செவ்வாய்

மீன் வாங்கவில்லை. நாரையைப் பார்க்கப் போனேன்.